ஒரே நாளில் தெளிந்த குளம்

டுலூத், மினசோட்டா
10 மே 1983

வெர்லினுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லை என்றாலும் நீ சொல்லப்போவதில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னவன் நீ. முதல் கடிதம் எழுதுகிறவள் நான். நம் வீட்டு வழக்கம் மாறவில்லை.

கொரீன் மாடி அறையை எனக்கென்றே ஒழித்துக் கொடுத்துவிட்டாள். தினமும் காலையில் காப்பியை நீட்டும்போதே, "இங்கயே இருந்துடேன்டி, அந்தக் குளத்துக்காரன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்கிறாள். அக்கா இல்லையா, அப்படித்தான் பேசுவாள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிவு சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் அதையே சொல்கிறேன். திரும்பி வருகிறேனா, இங்கேயே தங்கிவிடுகிறேனா என்று அதற்குள் எனக்கே தெரிந்துவிடும்.

நான் ஏன் கிளம்பினேன் என்று பக்கத்துப் பண்ணை ஹாய்ட் கேட்டதாகவும், "தெரியலப்பா" என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தெரியாதா உனக்கு? மீன் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று பழைய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டிக் குளத்தில் அமிழ்த்தினாய். அமிழ்த்திக்கொள். நான் நீந்துகிற பக்கத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அமிழ்த்தலாமா? ஆடுசதை கிழிந்து ரத்தம் ஒழுக நான் கரையேறி வந்தால், நீ கேட்ட முதல் கேள்வி, "மரம் நகந்துடுச்சா?" என்பது. ஏழு தையல் போட்டார்கள். அது ஆறிவிட்டது. எதையும் சொல்லாமலே செய்கிற புருஷனோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்பதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

இங்கே ஏரி கடல் மாதிரி கிடக்கிறது. மே மாதத்தில் பாதத்தை நனைத்தாலே எலும்பு வலிக்கிறது. நீச்சல் கூடத்துக்குப் போகிறேன், உடம்பெல்லாம் மருந்து வாடை. நேற்று நம் குளத்தில் மிதப்பதாகக் கனவு. கையை வீசிக்கொண்டே போகிறேன், கரை வரவே இல்லை. பயமாகவும் இல்லை. இடுப்பு வலி இல்லாமல் எழுந்தேன், ஐந்து நிமிடத்துக்கு.

நாடீன்


பண்ணை வீடு, மிசௌரி
22 மே 1983

என் நாடீனுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். மரங்களை எல்லாம் படகிலிருந்து கொக்கி போட்டு இழுத்து, அணைப் பக்கம் ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். உன் பக்கம் இப்போது வெறும் களிமண்தான். செய்தேன், சொல்லியும் விட்டேன், பார்.

மீன் துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். மிஸஸ் டோர்செட் என்று பெயர். பாஸ் மீன் ஏன் பத்து அங்குலத்துக்கு மேல் வளரமாட்டேன் என்கிறது என்று கேட்டு நான்தான் எழுதிப்போட்டிருந்தேன். வந்ததும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கி, தூண்டில் போட்டு ஏழெட்டு பிடித்தாள். எல்லாம் தலை பெருத்து உடம்பு ஒட்டிப்போனவை.

"பிடிக்கிறத என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"திருப்பி விட்டுடுவேன்."

"எல்லாத்தையுமா? எத்தனை வருஷமா?"

"குளம் வெட்டின நாள்லேர்ந்து. ஒண்ணக்கூடக் கொன்னதில்லை."

அவள் சிரித்த சிரிப்பில் அணைமேல் இருந்த கொக்கு பறந்துபோய்விட்டது. "ஐயா, நீங்க மீன் வளக்கலை, மீனைப் பட்டினி போடறீங்க. நூறு பேர் சாப்பிட வேண்டிய இடத்துல ஆயிரம் பேர உக்கார வெச்சிருக்கீங்க!" பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். அவற்றுக்கு இரையான புளூகில் மீனைத் தொடவே கூடாதாம். அப்போதுதான் மிச்சமிருக்கும் பாஸ் பெரிதாகுமாம்.

பாசியையும் காட்டினேன். உன் பக்கம் ஓரத்தில் கட்ட ஆரம்பித்திருக்கிறது. குளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இப்போதே சுத்தம் செய்யச் சொன்னாள். இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு. வெயில் முற்றிய பிறகு கை வைக்கவே கூடாதாம். தீவனப் புல் அறுப்பு முடியட்டும் என்று இருக்கிறேன்.

சாயங்காலம் அணைமேல் நாற்காலி போட்டு உட்காருகிறேன். தகைவிலான் குருவிகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டம் விழுந்து விரிகிறது. நீதான் இறங்கிவிட்டாயோ என்று திரும்பிப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லாதே.

உன்
வெர்லின்


டுலூத்
6 ஜூன் 1983

வெர்லினுக்கு,

முப்பது வருஷமாக நான் சொன்னதை ஒரு பூட்ஸ் போட்ட பொம்பளை வந்து சொன்னால்தான் உன் காதில் ஏறுமா? "ஒண்ணு ரெண்டு எடுத்து வறுத்துத் தின்னா என்ன குறைஞ்சுடும்?" என்று நான் கேட்டபோதெல்லாம், ஏதோ சொந்தப் பிள்ளையைக் கேட்டதுபோல முறைப்பாய். இருக்கட்டும். மிஸஸ் டோர்செட் எப்படி இருப்பாள், அழகா? கொரீன்தான் கேட்கச் சொன்னாள்.

மரத்தை நகர்த்தியதற்கு நன்றி. உண்மையாகவே சொல்கிறேன்.

மீன் பெருக வேண்டும் என்று உரம் போட்டு நீ பச்சையாக்கி வைத்திருக்கும் தண்ணீரைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே காணோம். அந்தப் பச்சை இருந்தால்தான் புழு பூச்சி, அது இருந்தால்தான் புளூகில், அது இருந்தால்தான் உன் பாஸ், எல்லாம் தெரியும் எனக்கு. ஒரு பக்கமாவது எனக்கென்று விட்டிருக்கலாம் இல்லையா? கால் வெள்ளையாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும் எனக்கு. மேலே வெதுவெதுப்பு, கணுக்காலுக்குக் கீழே மட்டும் சில்லென்று ஒரு பட்டை ஓடும். உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அப்படியா" என்பாய், தூண்டில் மிதவையைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பட்டையைத் தேடிக்கொண்டுதான் தினமும் தூங்கப் போகிறேன். சில நாள் கிடைக்கிறது.

நாடீன்


பண்ணை வீடு
19 ஜூன் 1983

என் நாடீனுக்கு,

மிஸஸ் டோர்செட்டுக்கு அறுபது வயது இருக்கும், புகையிலை மெல்லுவாள். கொரீனிடம் சொல்லிவிடு.

முதல் மீனைக் கொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. இப்போது பழகிவிட்டது. இருபது நாளாக மூன்று வேளையும் மீன்தான். சோளமாவில் புரட்டி வறுக்கிறேன். ஒரு தடவை உன் எலுமிச்சைப் பொடி என்று நினைத்துத் துணி வெளுக்கிற பொடியைத் தூவிவிட்டேன்; மோந்து பார்த்ததால் பிழைத்தேன். ஹாய்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன வெர்லின், இன்னும் செவுள் முளைக்கலையா?" என்கிறான். அவனுக்கும் ஒரு கூடை கொடுத்துவிட்டேன்.

பலன் தெரிகிறது! மிச்சமிருப்பவை உருண்டு திரண்டு வருகின்றன. கூட்டம் பெருகுவதற்கு முன்பே வளர்ந்துவிட்ட நம் பெரிய மீன்கள் மூன்று பேரும் சுகம். வாய் அகன்ற அந்தக் கிழவி, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற மிஸஸ் பிரிட்சார்டின் பெயரை வைத்தோமே, அவள் முந்தாநாள் தூண்டிலில் வந்தாள். ஏழு பவுண்டு. கையில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விட்டேன். ஒன்பது வருஷமாகத் தெரியும் அவளை.

பாசிதான் மோசம். புல் அறுப்பு இழுத்துக்கொண்டே போய்விட்டது, அதனால் முதல் பங்கைக்கூடச் செய்யவில்லை. வெயில் ஏறியதும் உன் பக்கம் முழுக்கக் கம்பளி விரித்ததுபோல மூடிக்கொண்டது. ஒத்துக்கொள்கிறேன், என் தப்புதான்.

நாடீன், ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன். இரு என்று சொல்லவில்லை. வந்து பார். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

உன்
வெர்லின்


டுலூத்
30 ஜூன் 1983

வெர்லினுக்கு,

சரி, வருகிறேன். ஜூலை இருபது, புதன்கிழமை பஸ்ஸில். சின்னப் பெட்டிதான் கொண்டுவருவேன், அதைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதே. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், நீ எப்படி இருக்கிறாய் என்றும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் முடிவு.

கொரீன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "மீன் வறுவலுக்கு மயங்கிட்டியா?" என்கிறாள். நீ தப்பு என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அவரா எழுதினாரு?" என்று கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பாசிக்காக உயிரை விடாதே. இறங்க ஓர் இடம் இருந்தால் போதும்.

நாடீன்


பண்ணை வீடு
9 ஜூலை 1983

என் நாடீனுக்கு,

இருபதாம் தேதி! நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டேன். ஜன்னலெல்லாம் துடைத்தாயிற்று. உன் நீச்சல் உடையைத் துவைத்துக் காய வைத்திருக்கிறேன், சாயம் போகவில்லை.

பாசியை என்னிடம் விடு. பண்ணைக் கடையில் மயில்துத்தம் ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். சாக்குப் பையில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் நீலமாகக் கரைந்து பாசியெல்லாம் செத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வாரம் என்று அந்த அம்மா சொன்ன கணக்கெல்லாம் பார்த்தால் நீ வந்து போயே விடுவாய். திங்கட்கிழமை ஒரே நாளில் குளம் முழுவதும் போட்டுவிடப் போகிறேன். நீ வந்து இறங்கும்போது உன் கால்விரல் பத்தும் உனக்குத் தெரிய வேண்டும்.

உரம் போடுவதையும் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் மீனுக்கு இல்லாமல் உனக்கு இருக்கட்டும் குளம்.

உன்
வெர்லின்


பண்ணை வீடு
16 ஜூலை 1983

நாடீனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இருபதாம் தேதி வர வேண்டாம். சமையலறைக் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். பலகையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறது. உனக்கு நடக்க இடம் இருக்காது. இடுப்புக்கும் ஆகாது.

இன்னொரு சமயம் பார்க்கலாம். நான் எழுதுகிறேன்.

வெர்லின்


டுலூத்
25 ஜூலை 1983

வெர்லினுக்கு,

நீ பதினாறாம் தேதி எழுதியது கைக்கு வந்தது. குழாய் உடைந்ததில் வருத்தம். கொரீன், "பாத்தியா, நான் சொல்லலை?" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்று கேட்கிறேன். குளம் எப்படி இருக்கிறது? மீன்கள் எப்படி இருக்கின்றன? நீ எப்படி இருக்கிறாய்? உள்ளது உள்ளபடி எழுது. நான் கோபித்துக்கொள்வேனோ என்று யோசிக்காமல் எழுது.

நாடீன்


பண்ணை வீடு
30 ஜூலை 1983

நாடீனுக்கு,

எல்லாரும் சுகம். குளம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீனெல்லாம் நன்றாக இருக்கின்றன, நேற்றுக்கூட மூன்று பவுண்டு ஒன்று பிடித்து விட்டேன். அணைமேல் கழுகுகள் உட்கார்ந்திருப்பதாக யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே, ஹாய்ட்டின் கன்று ஒன்று செத்துப்போயிற்று, அதற்கு வந்தவை.

குழாய் இன்னும் சரியாகவில்லை.

வெர்லின்


பண்ணை வீடு
2 ஆகஸ்ட் 1983

என் நாடீனுக்கு,

இதற்கு முன்னால் வந்த இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு. குழாய் உடையவில்லை. கன்று சாகவில்லை. மீன்தான் செத்தது. எல்லாம்.

பதினோராம் தேதி திங்கட்கிழமை மயில்துத்தத்தைப் போட்டேன். புதன்கிழமை பாசியெல்லாம் பழுப்பாகிக் கீழே போய்விட்டது. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஆறடி ஆழத்திலும் தெரிந்தது! முப்பது வருஷத்தில் அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கெல்லாம் கரையில் உட்கார்ந்து உன்னை அதில் நீந்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போவதும் உன் நிழல் தரையில் கூடவே போவதும் தெரிந்தது. சோறு தண்ணி நினைவே வரவில்லை.

பிறகு இரண்டு நாள் மேகம். பொட்டுக் காற்றுகூட இல்லை. செத்த பாசி அடியில் அழுகி அழுகி, தண்ணீரில் இருந்த மூச்சையெல்லாம் குடித்துவிட்டது. வெயில் காலத்தில் முழுக் குளத்திலும் கை வைக்காதே என்று அந்த அம்மா சொன்னது இதற்காகத்தான். சனிக்கிழமை விடியும்போது போய்ப் பார்க்கிறேன், குளம் முழுவதும் வாய். எல்லா மீனும் வாயை மேலே தூக்கி மூச்சுக்குத் தவிக்கின்றன. மோட்டார் படகை எடுத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன், தண்ணீர் கலங்கினால் காற்று இறங்குமே என்று. ஹாய்ட் பம்புசெட்டைக் கொண்டுவந்து வாரி இறைத்தான். பெரிய மீனுக்குத்தான் அதிக மூச்சு வேண்டும், அவர்கள்தான் முதலில் போனார்கள். மிஸஸ் பிரிட்சார்ட் என் படகுக்குப் பக்கத்திலேயே வந்து சாய்ந்தாள். உட்கார்ந்து அழுதேன், நாடீன். ஹாய்ட் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாலு நாள் பொறுக்கினேன். கரையோரம் ஒதுங்கியவற்றை வலையால் வாரிவிட்டேன், நடுவில் கிடந்தவை படகு போனால் அலையில் விலகிப்போயின, அதனால் இறங்க வேண்டியிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கழுத்து வரை இறங்கினேன். மேலே வெதுவெதுப்பாக இருந்தது, பாதத்தில் சில்லென்று ஒரு பட்டை. நீ சொன்னபோதெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும்.

மீனையெல்லாம் சோளக்கொல்லையில் புதைத்துவிட்டேன். மிஸஸ் டோர்செட் வந்து பார்த்தாள், ஒன்றும் திட்டவில்லை. அக்டோபரில் புளூகில் குஞ்சு விட்டு, அடுத்த ஜூனில் பாஸ் விடலாம் என்றாள். குளம் தெளிந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மீன் செத்ததைச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று நான் பயப்படவில்லை. யாரையும் கேட்காமல், சொன்னதையும் கேட்காமல், மறுபடியும் என் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதனால் பொய் சொன்னேன். இரண்டு தடவை. இரண்டாவது கடிதத்தைப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து தூக்கமில்லை.

வா என்று கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

உன்
வெர்லின்


டுலூத்
9 ஆகஸ்ட் 1983

வெர்லின்,

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்திருந்தேன்.

கொரீனுக்குத் தெரிந்தவர்கள் பதினேழாம் தேதி செயின்ட் லூயிஸுக்குக் காரில் கிளம்பினார்கள். முன்னதாகவே போய் உன்னைத் திடுக்கிட வைக்கலாம் என்று அவர்களோடு ஏறிக்கொண்டேன். நீ வராதே என்று எழுதியது அப்போது வழியில் எங்கோ இருந்தது. அங்கிருந்து பஸ் பிடித்து, திங்கட்கிழமை காலை நம் ஊரில் இறங்கினால் ஹாய்ட் தீவனக் கடை வாசலில் நிற்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, நீதான் செத்துப்போய்விட்டாயோ என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "உயிரோட இருக்காரு, ஆனா நீங்க இப்ப போக வேணாம்" என்றான். போகாமல் இருப்பேனா?

அவன் வண்டியில் வந்து, மேலே ரோட்டில் இறங்கி, ஹிக்கரி மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குளம் வானம் மாதிரி தெளிந்திருந்தது. அதன் நடுவில் உன் தலை. உன் தலையைச் சுற்றி வெள்ளை வயிறாக மீன்கள். சலவைத் தொட்டியை மிதக்கவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். தூக்கிப் போடவில்லை, எடுத்து வைத்தாய். அவற்றிடம் பேசிக்கொண்டே இருந்தாய், தண்ணீர்மேல் உன் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது. "கடுதாசி கெடைக்காம அவ கிளம்பிட்டாலும் கிளம்பிடுவா. அவ வர்றதுக்குள்ள முடிச்சுடணும். அவ இதப் பாக்கக் கூடாது. பாத்தா தாங்கமாட்டா" என்றாய். உன் முகம் முழுக்க நனைந்திருந்தது.

பார்க்கக் கூடாது என்று நீ சொன்னதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு அடி எடுத்து வைத்தால் உன்னிடம் வந்துவிடலாம். வைக்க முடியவில்லை. உனக்கு அவமானமாகப் போய்விடும் என்று தோன்றியது. ஹாய்ட்டிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ்ஸில் ஒரு ராணுவக்காரப் பையன் எனக்குக் கைக்குட்டை கொடுத்தான், அவ்வளவு அழுதேன்.

இங்கே வந்தால் உன் கடிதம் காத்திருந்தது, குழாய் உடைந்ததாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சரி, ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று இருபத்தைந்தாம் தேதி எழுதினேன். மீன்கள் நன்றாக இருப்பதாக நீ பதில் போட்டாய். அன்றைக்குக் கொரீனிடம் சொல்லிவிட்டேன், இன்னும் ஒரு கடிதத்துக்குக் காத்திருப்பேன், அதிலும் பொய் இருந்தால் மாடி அறைக்குப் புதுத் திரை வாங்கிவிடலாம் என்று. துணிகூடப் பார்த்துவிட்டாள்.

நேற்று உன் கடிதம் வந்தது. கொரீன் என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "ஏன்டி, பெட்டிய மேல இருந்து எறக்கவா?" என்றாள்.

எனக்காக ஒருவன் தன் குளத்தையே கொன்றுவிட்டான் என்று பெருமைப்பட நான் பதினெட்டு வயதுப் பெண் இல்லை. நீ செய்தது முட்டாள்தனம். இறங்க ஓர் இடம் போதும் என்று எழுதினேன், அதையும் காதில் வாங்கவில்லை. நேரில் வந்து நன்றாகத் திட்டப்போகிறேன், தயாராக இரு. அக்டோபரில் மிஸஸ் டோர்செட் வரும்போது நானும் கூட நிற்பேன். எங்கே மீனுக்கு, எங்கே எனக்கு என்று கயிறு கட்டி அளந்துகொள்வோம். மயில்துத்த மூட்டையில் மிச்சம் இருந்தால் ஹாய்ட் வீட்டில் கொண்டுபோய் வை.

செப்டம்பர் வரை எல்லாம் வேண்டாம். இந்த மாதம் இருபதாம் தேதி, சனிக்கிழமை மதியம் பஸ். பெட்டி இரண்டும் கனம், தையல் மெஷின் தனி, வண்டியைக் காலி செய்துகொண்டு வா.

நீந்தத் தெரியாத ஆள் நடுக்குளத்தில் தனியாக நின்றாயே வெர்லின், கால் ஒரு பிசகு பிசகியிருந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் வருகிற வரைக்கும் தண்ணீரில் இறங்காதே.

உன்
நாடீன்